மிட்வைஃப் கைமாற்றிவிடும் நேரம்: நெதர்லாந்தில் என் முதல் பிரசவம்

கணவரின் வேலைக்காக நெதர்லாந்துக்கு வந்து, இங்கேயே முதல் குழந்தையைப் பெறப்போகிற தமிழ்ப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தோவனில் எங்கள் மகள் பிறந்து சில மாதங்கள் ஆகின்றன. கர்ப்பமாக இருந்தபோது தமிழில் தேடித் தேடிப் பார்த்தேன். இந்த ஊரில் பிரசவம் எப்படி நடக்கும், எங்கே பணம் போகும், எந்த நேரத்தில் நாமாக வாய் திறந்து கேட்க வேண்டும் என்று ஒருவரும் எழுதி வைத்திருக்கவில்லை. நல்ல மனிதர்கள் நடுவில், நல்ல மருத்துவ வசதி உள்ள நாட்டில்தான் பெற்றேன். ஆனாலும் அந்த ராத்திரியில் நான் பட்ட பயத்தில் பாதி, முன்பே யாராவது சொல்லியிருந்தால் பட்டிருக்க வேண்டாத பயம்.

கர்ப்பம் உறுதியானதும் மகப்பேறு மருத்துவரைத் தேடிப் போகிற வழக்கம் இங்கே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மிட்வைஃப் நிலையத்துக்கு நாமே போன் செய்து பதிய வேண்டும். குடும்ப மருத்துவரின் கடிதம்கூட வேண்டாம். மிட்வைஃப் என்றால் டாக்டருக்கு எடுபிடியாக நிற்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு வருடம் இதற்கென்றே படித்தவர்கள். தனியாக நிலையம் நடத்துகிறார்கள், பிரசவம் பார்க்கிறார்கள், தையலும் போடுகிறார்கள். ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை என்று ஏதாவது காரணம் இருந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மருத்துவரின் முகத்தைப் பார்க்காமலே குழந்தை பெறலாம். இன்றைக்கும் இந்த நாட்டில் நூற்றில் பத்துப் பேருக்கு மேல் சொந்த வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறார்கள்.

எனக்கு முதலில் இது ஒப்பவே இல்லை. விருதுநகரில் என் தங்கைக்கு மாதா மாதம் ஸ்கேன், மாத்திரை, டானிக் என்று கவனித்தார்கள். இங்கே தேதி கணக்கிட ஒரு ஸ்கேன், பதின்மூன்றாம் வாரம் ஒன்று, இருபதாம் வாரம் ஒன்று, அவ்வளவுதான். அதற்கப்புறம் கையால் வயிற்றை அழுத்திக் குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், சின்னக் கருவியை வைத்து இதயத் துடிப்பைக் கேட்க வைப்பார், போகலாம் என்பார். ஆனால் போகப் போக ஒன்று புரிந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் என்னிடம் பேசினார்கள். எப்படித் தூங்குகிறாய், எதை நினைத்துப் பயப்படுகிறாய், ஊரில் யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டார்கள். நானும் மனதில் இருப்பதைச் சொல்லப் பழகினேன். ஒரு நிலையத்தில் பல மிட்வைஃப்கள் இருப்பார்கள், வலி வரும் நாளில் யார் பணியில் இருக்கிறாரோ அவர்தான் வருவார். அதனால் பரிசோதனைக்குப் போகும்போதே மாற்றி மாற்றி எல்லோரிடமும் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரியில் கதவைத் தட்டுகிற முகம் தெரிந்த முகமாக இருப்பது பெரிய ஆறுதல்.

பணக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குக் கெடு உண்டு. இங்கே காப்பீட்டை வருடக் கடைசியில்தான் மாற்ற முடியும். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் அந்த டிசம்பரிலேயே கூடுதல் காப்பீட்டில் மகப்பேறுக்கு என்ன தருகிறார்கள், காத்திருப்புக் காலம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். அடிப்படைக் காப்பீட்டில் ஐகன் ரிஸிகோ என்று வருடத்துக்கு முதல் 385 யூரோ வரையான செலவு நம் கையிலிருந்து போகும். மிட்வைஃப் பார்ப்பதற்கும், பிரசவத்துக்கும், பிறகு வீட்டுக்கு வரும் பேறுகால உதவிக்கும் அதிலிருந்து பிடிக்க மாட்டார்கள். ரத்தப் பரிசோதனை, மருந்து, ஆம்புலன்ஸ் எல்லாம் அந்த 385-இல் வரும். எல்லாமே இலவசம் என்று நம்பியிருந்த எங்களுக்கு ரத்தப் பரிசோதனை பில் வந்தபோது எங்கோ தவறு நடந்துவிட்டது என்று காப்பீட்டு நிறுவனத்தோடு வாதாடி ஒரு மதியம் போனது. கர்ப்ப காலம் இரண்டு காலண்டர் வருடங்களில் விழுந்தால் அந்த 385 இரண்டு முறை தொடங்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து க்ராம்ஸோர்ஹ். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பயிற்சி பெற்ற ஒரு பெண் பொதுவாக எட்டு நாள் தினமும் சில மணி நேரம் வந்து தாயையும் குழந்தையையும் பார்த்துக்கொள்வார். மொத்தம் குறைந்தது 24 மணி நேரம், தேவையைப் பொறுத்து 80 வரை. மணிக்கு 5 யூரோ சொச்சம் நம் பங்கு, பல கூடுதல் காப்பீடுகளில் அதுவும் திரும்பக் கிடைக்கும். இதற்கு ஆள் பற்றாக்குறை இருக்கிறது. கர்ப்பம் தெரிந்த முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே பதிந்துவிடுங்கள். அம்மாதான் வரப்போகிறாரே, இவர் எதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நானும் என் கணவரும் அம்மாவை நம்பித்தான் இருந்தோம். விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்காமல் தள்ளிப்போய், பணம் திரும்பாத விமான டிக்கெட் அப்படியே போனது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். பணத்தைவிட, அம்மா இல்லாமல் பெறப்போகிறோம் என்று தெரிந்த அன்று நான் அழுத அழுகை என் கணவரை ஆட்டிவிட்டது. பெற்றோரை வரவழைப்பவர்கள் ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள். குறுகிய கால விசாவில் 90 நாள்தான் இருக்க முடியும், குழந்தையோ சொன்ன தேதிக்கு வராது. அதனால் பிரசவத்துக்கு முன் அதிக நாளைச் செலவழிக்காமல் பயணத்தை வையுங்கள்.

பெறுவது எங்கே என்று மிட்வைஃப் உங்களிடமே கேட்பார். வீட்டில் பெறலாம். மருத்துவக் காரணம் இல்லாமலே மிட்வைஃபோடு ஆஸ்பத்திரி அறையிலும் பெறலாம், ஆனால் அதற்குச் சில நூறு யூரோ நாம் தர வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவு காப்பீட்டில் வரும். நான் வீடு என்றேன். தண்ணீரில் இருந்தால் வலி தாங்கலாம் என்று கேள்விப்பட்டு, காற்றடிக்கும் தொட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். 150 யூரோவுக்கு மேல் ஆனது. கட்டிலை உயரமாக்கக் கால்களுக்குக் கீழே கட்டைகள் வாங்கி வைத்தோம், அது கட்டாயம். உதவியாளர் குனிந்து குனிந்து முதுகு ஒடியக் கூடாது என்பதற்காக. திட்டம் எழுதிக் கொடுங்கள் என்றார் மிட்வைஃப். வெளிச்சம் குறைவாக, ஆட்கள் குறைவாக, குழந்தையை உடனே என் நெஞ்சில் போட வேண்டும் என்றெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதினேன்.

அந்தத் தாளில் ஒரு வரிகூட வழியில் ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் என்ன செய்வது என்பதைப் பற்றி இல்லை. யாரும் கேட்கவுமில்லை. முதல் பிரசவத்தில், வீட்டில் வலி தொடங்கிய பலரைப் பாதியில் மாற்றுகிறார்கள் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் உயிர் ஆபத்தினால் இல்லை. வலி மெதுவாகப் போகிறது, எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரத்துப்போகும் ஊசி) வேண்டும், பனிக்குட நீரின் நிறம் சரியில்லை, இப்படித்தான் காரணங்கள். எபிடியூரல் வீட்டில் கிடையாது என்பதால் அது வேண்டும் என்று நீங்கள் சொன்னாலே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இந்த ஒன்றை மட்டும் எனக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் போதும்.

சொன்ன தேதிக்கு முன்னாலேயே ஒரு சாயங்காலம் வலி வந்தது. நாலைந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், அப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கூப்பிடு என்று சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டோம். இளம் மிட்வைஃப் ஒருவர் வந்தார். முன்பே பார்த்துப் பேசியவர்தான். சோதித்துப் பார்த்து, கர்ப்பப்பை வாய் இரண்டு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, நன்றாகப் போகிறது, வெந்நீரில் நின்று குளி, முடிந்தால் தூங்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. வலி வந்த பெண்ணை விட்டுவிட்டுப் போவார்களா? வீடியோவில் அம்மா கொதித்துப்போனார். “ஏண்டி, வலின்னு கூப்பிட்டா தூங்கச் சொல்லிட்டுப் போறாளா? மாப்பிள்ள, நீங்களாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று இவரிடம் கெஞ்சினார். இவரோ எதுவும் சொல்ல முடியாமல் என் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது யோசித்தால் அவர் போனது சரிதான். ஆரம்ப வலி முதல் பிரசவத்தில் ஒரு நாள்கூட இழுக்கும். ஆனால் போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை நீங்கள் கேளுங்கள்: மறுபடி எப்போது வருவீர்கள், அதற்குள் எப்படி ஆனால் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவீர்கள். பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், ரத்தப்போக்கு இருந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், எந்த நேரமாக இருந்தாலும் உடனே கூப்பிட வேண்டும். இந்த மூன்றையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். வலியில் நமக்கு எதுவும் ஞாபகம் வராது, கூட இருப்பவருக்குப் பதற்றத்தில் வராது. இன்னொன்று, அம்மாவோ மாமியாரோ வீடியோவில் பார்ப்பதாக இருந்தால் இந்த ஊர் வழக்கத்தை அவர்களுக்கும் முன்பே விளக்கிச் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய பயம் போன் வழியாக நேரே நமக்குள் இறங்கிவிடுகிறது.

நள்ளிரவுக்குப் பிறகு அவர் மறுபடி வந்தபோது ஐந்து சென்டிமீட்டர். அதற்கப்புறம் அவர் நகரவே இல்லை. குளியலறையில் நான் ஸ்டூலில் உட்கார்ந்து வெந்நீரை இடுப்பில் விட்டுக்கொண்டிருந்தேன், அவர் ஈரத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து என் முழங்காலில் கை வைத்துக்கொண்டு, வலி ஏறும்போது என்னோடு சேர்ந்து மூச்சு விட்டார். ஒவ்வொரு வலி முடிந்ததும் கருவியை வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்டார். ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை, திட்டவில்லை, சத்தம் போடாதே என்று சொல்லவில்லை. பெற்ற தாய் இல்லாத இடத்தில் எனக்கு அந்தக் கை இருந்தது. மிட்வைஃபோடு பெறலாமா என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சரி என்று சொல்வது அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான்.

விடிவதற்கு முன்னால் பனிக்குடம் உடைந்தது. நீர் பச்சையாக இருந்தது. அவர் முகம் மாறவில்லை, ஆனால் எழுந்து நின்றார். குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனாலும் இனி மெஷினில் தொடர்ந்து பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றார். உங்களிடம் கார் இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் சைக்கிள்தான் இருந்தது. அவசர நிலை இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் வராது, சொந்த வண்டியில்தான் போக வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. இவர் கோயம்புத்தூர் நண்பர் ஒருவரை எழுப்பினார். அவர் வருகிற வரை பை தேடி, பாஸ்போர்ட் தேடி, காப்பீட்டு அட்டை தேடி இவர் வீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். நிரப்பாத தொட்டி ஹாலில் அப்படியே நின்றது. வீட்டில்தான் பெறப்போகிறீர்கள் என்றாலும் ஆஸ்பத்திரிப் பையைக் கட்டி வாசலில் வையுங்கள். ராத்திரி எந்நேரமும் வண்டி எடுக்கிறேன் என்று சொன்ன இரண்டு பேரின் எண்ணைக் கையில் வையுங்கள். குழந்தைக்கான கார் சீட்டையும் வாங்கி வைத்துவிடுங்கள். நாங்கள் திரும்பும் நாளில் இவர் அலைந்து, கிடைத்த விலைக்கு வாங்கினார்.

ஆஸ்பத்திரிக்கு மிட்வைஃபும் கூடவே வந்தார். அறையில் மருத்துவரிடமும் நர்ஸிடமும் டச்சில் என் கதையைச் சொன்னார். அப்புறம் என் தோளைத் தொட்டு, இனி இவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ நன்றாகச் செய்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொறுப்பு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டால் அவர் வேலை அங்கே முடிகிறது, அதுதான் இங்குள்ள ஏற்பாடு. எனக்கோ நடு ஆற்றில் கையை விட்டதுபோல இருந்தது. வலியைவிட அந்த நிமிடம்தான் இன்றும் நினைவில் உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி ஆகும் என்று முன்பே தெரிந்திருந்தால் கிளம்பும் முன் அவரிடம் கேளுங்கள்: இன்னும் கொஞ்ச நேரம் இருக்க முடியுமா, என் விருப்பத்தில் எவையெல்லாம் இவர்களிடம் சொன்னீர்கள், இப்போது எனக்குப் பொறுப்பு யார். அவசரம் இல்லாவிட்டால் சிலர் இருந்துவிட்டே போவார்களாம். நான் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியவில்லை.

இடுப்பில் மெஷினைக் கட்டினார்கள், வலி குறைந்துபோனதால் அதைத் தூண்ட டிரிப் ஏற்றினார்கள். டிரிப் வலி வேறு மாதிரி. மூச்சு விடவே இடம் தரவில்லை. எபிடியூரல் வேண்டுமா என்று யாரும் தானாக வந்து கேட்கவில்லை. நர்ஸுகள் அன்பாகத்தான் இருந்தார்கள், ஆனால் நாம் கேட்கும் வரை சமாளிக்கிறோம் என்று எடுத்துக்கொள்வது இங்குள்ள பழக்கம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், நம் ஊரில் அப்படித்தானே சொல்லி வளர்க்கிறார்கள். கடைசியில் இவர்தான் எழுந்து போய்த் தெளிவாகக் கேட்டார். மயக்க மருந்து மருத்துவர் வேறொரு அறுவை சிகிச்சையில் இருந்தார், காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது முடிவில்லாமல் இருந்தது. எனவே தாங்க முடியாத நிலைக்கு வரும் வரை காத்திருக்காதீர்கள், அதற்கு முன்பே சொல்லுங்கள். எபிடியூரல் தவிர, ரத்தக் குழாயில் செலுத்தும் மருந்தும் சில ஆஸ்பத்திரிகளில் சிரிப்பு வாயுவும் உண்டு. உங்கள் ஆஸ்பத்திரியில் எது எது கிடைக்கும் என்று எட்டாம் மாதத்திலேயே கேட்டு எழுதிவையுங்கள். கணவருக்கும் சொல்லுங்கள், நீங்கள் பேச முடியாத நேரத்தில் அவர்தான் பேச வேண்டும்.

மதியம் மகள் பிறந்தாள். வெட்டி, தையல் போட வேண்டியிருந்தது. குழந்தைகள் மருத்துவர் அவள் மூச்சைப் பார்த்துவிட்டு நெஞ்சில் போட்டார். பனிக்குட நீர் அவ்வளவு பச்சையாக இருந்தும் அவளுக்கு ஒன்றுமில்லை. கவனிப்புக்காக அன்றிரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிறந்த சில மணி நேரத்துக்குள் நான் சிறுநீர் கழித்தே ஆக வேண்டும் என்று நர்ஸ் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது அப்போது எரிச்சலாக இருந்தது; எபிடியூரலுக்குப் பிறகு அது சட்டென்று வராது, ஆனால் மிக முக்கியம். சாப்பாடு என்று பிரட்டும் பாலாடைக்கட்டியும் வந்தது. நண்பரின் மனைவி ரசம் சாதம் கொண்டு வந்தார். அந்த ரசத்தைக் குடித்தபோதுதான் நான் பிள்ளை பெற்றுவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்கள் க்ராம்ஸோர்ஹ் நாட்களிலிருந்து கழியும். வீட்டுக்குக் கிளம்பும்போதே அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு வந்தவர் நடுத்தர வயதுப் பெண். காலையில் வந்ததும் என் காய்ச்சல், தையல், கர்ப்பப்பை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று எல்லாம் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார். குழந்தையைத் துணியில் முடிந்து ஒரு கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார், அச்சு அசலாகத் தூளி. வீடியோவில் அதைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. குழந்தை குளிராமல் இருக்க வெந்நீர் நிரப்பிய உலோகப் புட்டியை உறை போட்டுத் தொட்டிலில் வைக்கவும், மல்லாக்கப் படுக்க வைக்கவும் கற்றுக்கொடுத்தார். பால் கட்டி நெஞ்சு கல்லாகி நான் அழுத காலையில் மார்போடு குழந்தையைப் பிடிக்கும் விதத்தைச் சற்று மாற்றினார், அவ்வளவுதான், குடிக்க ஆரம்பித்துவிட்டாள். குளியலறையைத் துடைத்தார், துணி துவைத்தார். அவரிடம் கூச்சப்பட்டு நீங்கள் எழுந்து டீ போடாதீர்கள். படுத்திருங்கள், அவர் வந்திருப்பதே அதற்காகத்தான். பத்தியச் சாப்பாட்டை மட்டும் அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. ஒன்பதாம் மாதத்திலேயே பூண்டுக் குழம்பு, பருப்புப் பொடி, இட்லி மாவு என்று செய்து ஃப்ரீசரில் அடுக்கிவிடுங்கள்.

அந்த வாரத்தில் மிட்வைஃபும் சில முறை வீட்டுக்கு வந்து பார்ப்பார். குதிகாலில் ரத்தம் எடுக்கவும் காது கேட்கிறதா என்று பார்க்கவும் வேறொருவர் வீட்டுக்கே வருவார். இதற்கிடையில் கணவர் ஓட வேண்டியது நகராட்சிக்கு. பிறந்த நாளுக்குப் பின் மூன்று நாளுக்குள் பதிய வேண்டும். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் குழந்தையின் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று முன்பே போய்க் கேட்டுவிடுங்கள், எங்களுக்கு அங்கே நின்றுகொண்டு குழம்பும்படி ஆனது. குழந்தையைக் காப்பீட்டில் நான்கு மாதத்துக்குள் சேர்க்க வேண்டும், 18 வயது வரை அதற்குப் பணம் கிடையாது. பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்களாக இருந்தால், இங்கே பிறந்ததால் மட்டும் குழந்தைக்கு டச்சுக் குடியுரிமை வராது. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் எடுங்கள், இங்கே தங்கும் அனுமதிக்கும் விண்ணப்பியுங்கள். கணவருக்கு ஒரு வாரம் முழுச் சம்பளத்தோடும், அப்புறம் ஐந்து வாரம் 70 சதவீதச் சம்பளத்தோடும் விடுப்பு உண்டு. அம்மா வர முடியாதவர்கள் அதை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

ஆறு வாரம் கழித்து மிட்வைஃப் நிலையத்தில் கடைசிச் சந்திப்பு ஒன்று உண்டு. தையல் ஆறிவிட்டதே என்று பலர் போவதில்லையாம். நீங்கள் போங்கள். அன்று என் அதிர்ஷ்டம், அந்த ராத்திரி வந்த அதே மிட்வைஃப் இருந்தார். நீங்கள் போனதும் நான் ரொம்பப் பயந்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் கணினியைத் திறந்து எந்த மணிக்கு என்ன நடந்தது, எதனால் மாற்றினார், மாற்றாமல் விட்டிருந்தால் எதைக் கவனிக்காமல் போயிருக்கலாம் என்று வரி வரியாகச் சொன்னார். என் உடம்பில் எதுவும் குறை இருந்து அப்படி ஆகவில்லை என்பதை அவர் வாயால் கேட்டது எனக்குத் தேவையாக இருந்தது. பிரசவ அறிக்கையின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த குழந்தையை எங்கே, எப்படிப் பெறலாம் என்று முடிவு செய்ய எந்த ஊர் மருத்துவரும் முதலில் கேட்பது அதைத்தான்.